கதாநாயகனுக்குப் பின்னால் ஒரு நாடா

நேயர்களே, உங்களை ஒரு கேள்வி கேட்கலாமா?

நேற்று ராத்திரி டெலிவிஷனில் ஒரு நகைச்சுவைத் தொடர் பார்த்தீர்கள். மாமியாருக்குப் பயந்து மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் போய் ஒளிந்து கொண்டான். அந்த அம்மாளோ நேராக வந்து அதே மேஜையின் மேல் காப்பித் தம்ளரை வைத்தாள். நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். சரி, அந்த மேஜைக்குப் பின்னால், சுவரோரம் இருந்த அலமாரியில் என்ன இருந்தது? சொல்லுங்கள், பார்க்கலாம்!

தெரியாதா? அதனால் குற்றமொன்றுமில்லை. உங்கள் கண் மாப்பிள்ளை மேலும் மாமியார் மேலும் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய விருப்பம். அலமாரி காலியாக இருந்தால் அது வீடு மாதிரி இராது. ஆகையால் எதையாவது வைக்கிறார்கள். வைத்ததை நாம் உற்றுப் பார்த்துவிட்டால் கதை கெட்டுப் போகும். இருக்கவும் வேண்டும், தெரியவும் கூடாது! நல்ல மருமகளுக்கு அந்தக் காலத்தில் சொன்ன இலக்கணத்தைத்தான் இந்தச் சாமான்களுக்கும் வைத்திருக்கிறார்கள்.

எனக்கோ சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். கதாநாயகனைப் பார்க்க மாட்டேன். அவனுக்குப் பின்னால் இருப்பதைத்தான் பார்ப்பேன். இந்தப் பழக்கத்தை எனக்குச் சொத்தாக எழுதி வைத்தவர் என் தகப்பனார்.

*

எங்கள் ஊர் சோமனூர். கோயமுத்தூரிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் ரயிலில் ஏறினால் வழியில் வருகிற ஊர். எங்களுக்குத் தொழில் தறி. அப்பா முதலில் கைத்தறி போட்டிருந்தார். அப்புறம் விசைத்தறிக்கு மாறினார்.

அந்த நாளில் சினிமா என்றால் சென்னைப் பட்டணம் மட்டுமல்ல, கோயமுத்தூரும்தான். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. மூன்று தீபாவளி கண்டதாகப் பெயர் பெற்ற பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) அங்கேதான் எடுக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) படமும் அங்கேதான். அப்புறம் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ. 1954-ல் 'மலைக்கள்ளன்' அங்கே உருவாயிற்று. அதே கதையை நாயுடு 1955-ல் இந்தியில் 'ஆஸாத்' என்று எடுத்தபோது திலீப் குமாரும் மீனா குமாரியும் கோயமுத்தூருக்கே வந்து நடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு சமயம் ஸ்டூடியோவுக்கு என்று யாரோ வந்து அப்பாவிடம் காடாத் துணி வாங்கிக் கொண்டு போனார்களாம். வெள்ளைத் துணியை நீளமாகக் கட்டி, அதில் நீல வர்ணம் அடித்து, மேகம் எழுதி, ஆகாயமாக்கி நிறுத்துவார்கள் அல்லவா? அதற்குத்தானாம். அன்று முதல் தமிழ் சினிமாவில் எந்த ஆகாயத்தைப் பார்த்தாலும் அது தம்முடையது என்றே அப்பா தீர்மானித்துவிட்டார்!

டெண்டுக் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்திருப்போம். திரையில் கத்திச் சண்டை நடக்கும். கொட்டகையே விசில் அடிக்கும். அப்பா மட்டும் என் தொடையைத் தட்டி, "டேய், அவங்களப் பாக்காதே. பின்னால ஆகாசத்தப் பாரு. சுருக்கம் ஏதாச்சும் தெரியுதா? நம்ம தறித் துணிடா!" என்பார். எந்தப் படத்துக்குப் போன துணி என்று அவருக்கே தெரியாது. கடைசியில் பம்பாயில் எடுத்த படத்து ஆகாயத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை.

நான் சிரித்துக் கொள்வேன். ஆனால் கண் மட்டும் அவர் சொன்ன இடத்துக்கே போகும். அது இன்றைக்கும் திரும்பவில்லை.

*

பிறகு டெலிவிஷன் வந்தது. சென்னையில் 1975-ல் வந்துவிட்டது என்றாலும், எங்கள் பக்கத்துக்கு வர வருஷங்கள் ஆயின. உயரக் கம்பம் நட்டு, கொடைக்கானல் மலையைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி, "வருதா? வருதா?" என்று மொட்டை மாடியிலிருந்து கத்திய காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். அதற்கப்புறம் தனியார் டெலிவிஷன்கள் வந்தன. 'ரமணி வெர்சஸ் ரமணி', 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' என்று நகைச்சுவைத் தொடர்கள் வரிசையாக வந்தன.

சினிமாவுக்கும் இந்தத் தொடர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சினிமாவில் பின்னணி ஓடிப்போய்விடும். நகைச்சுவைத் தொடரிலோ வாராவாரம் அதே கூடம், அதே ஸோபா, அதே சமையலறை வாசல். வருஷக் கணக்கில் அந்த வீட்டுக்குள்ளேயே நாம் குடியிருக்கிறோம். சொந்தச் சித்தப்பா வீட்டு அலமாரியை விட அந்த வீட்டு அலமாரி நமக்கு நன்றாகத் தெரிந்து போகிறது.

என் பேத்தி கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள், எங்களோடுதான் இருக்கிறாள். தாத்தாவின் வியாதி அவளையும் பற்றிக் கொண்டது. இருவரும் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். தொடரில் பின்னால் கண்ட விசித்திரங்களை அதில் எழுத வேண்டியது. என்ன சாமான் என்று முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு தேன்மிட்டாய். அந்த நோட்டிலிருந்து சில:

ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரம் காலையிலும் பத்தே கால், மத்தியானமும் பத்தே கால், நடு நிசியிலும் பத்தே கால். அது ரிப்பேர் அல்ல. காட்சிகளை வரிசையாகப் படம் பிடிப்பதில்லை. முன்னது பின்னதாக எடுத்து, அப்புறம் ஒட்டுகிறார்கள். கடிகாரம் ஓடினால் ஒரே பேச்சுக்கு நடுவில் முள் முன்னும் பின்னும் குதிக்கும். ஆகவே அதை நிறுத்திவிடுவதே க்ஷேமம்.

ஒரு டாக்டர் வீட்டு அலமாரி நிறையத் தடித் தடிப் புத்தகங்கள். பேத்தி படத்தை நிறுத்திப் படித்துப் பார்த்தாள். அத்தனையும் வக்கீல் புத்தகம்! அந்த டாக்டரிடம் வைத்தியம் செய்துகொள்பவர்கள் ஜாக்கிரதை.

ஒரு தொடரில் ஏழை வாத்தியார் வீட்டில் பித்தளை யானை ஒன்று இருந்தது. அடுத்த மாதம் வேறொரு தொடரில் அதே யானை, காது நுனி உடைந்த அதே யானை, ஒரு மில் முதலாளி வீட்டில் நின்றது. யானைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தோம். விஷயம் அதுவல்ல. சென்னையில் வடபழனி பக்கம் இத்தகைய சாமான்களை நாள் வாடகைக்கு விடும் கடைகள் இருக்கின்றன. கட்டில், தொட்டில், கிராமபோன், நீதிபதியின் நாற்காலி எல்லாம் கிடைக்கும். யானை வாடகைக்குப் போய் வாடகைக்கு வந்திருக்கிறது; அவ்வளவுதான்.

*

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். உலகம் முழுவதும் இருக்கிறது.

அமெரிக்காவில் 'ஃப்ரெண்ட்ஸ்' என்று ஒரு தொடர், 1994 முதல் 2004 வரை நடந்தது. அதில் ஒரு வீட்டுக் கதவில், வெளியே யார் என்று பார்க்கும் துவாரத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் சட்டம் மாட்டியிருக்கும். படம் இல்லாத வெறும் சட்டம். அது முதலில் முகம் பார்க்கும் கண்ணாடியாக இருந்ததாம். கண்ணாடி கை தவறி உடைந்து போக, சட்டத்தை வீணாக்குவானேன் என்று கதவில் மாட்டினார்களாம். இன்றைக்கு அந்த மாதிரிச் சட்டத்தை விலை கொடுத்து வாங்கித் தங்கள் கதவில் மாட்டிக் கொள்கிறவர்கள் எத்தனையோ பேர்!

இன்னொரு வேடிக்கை: ஒரே ஒரு செய்தித்தாள். எத்தனையோ தொடர்களில் எத்தனையோ தகப்பனார்கள் காலையில் விரித்துப் படிக்கிறார்கள். அதே பெண்ணின் படம், அதே பக்கம். நாடகத்துக்கென்றே பொய்ப் பத்திரிகை அச்சிடும் ஏர்ல் ஹேய்ஸ் என்ற அச்சகத்தின் சரக்கு அது. உலகத்தில் என்ன நடந்தாலும் அந்தப் பத்திரிகையில் மட்டும் புதுச் செய்தி கிடையாது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நாற்காலியின் கதை. 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற தொடர் 1971-ல் தொடங்கியது. அதில் சிடுமூஞ்சித் தகப்பனார் ஆர்ச்சி பங்கர் உட்காருவதற்கு ஒரு பழைய மெத்தை நாற்காலி. பழைய சாமான் கடையில் சில டாலருக்கு வாங்கியது. யார் வீட்டிலோ யாரோ உட்கார்ந்து தேய்த்துவிட்டு, வேண்டாம் என்று தள்ளியது. அந்த நாற்காலி 1978-ல் எங்கே போயிற்று தெரியுமா? வாஷிங்டன் நகரத்தில் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்கு! தொடரோ இன்னும் முடியவில்லை. மறுபடி அதே மாதிரி நாற்காலி வேண்டுமே! தேய்ந்தது தேய்ந்தபடி, நைந்தது நைந்தபடி புதிதாகச் செய்ய, அசலின் விலையைப் போல எத்தனையோ மடங்கு செலவாயிற்று.

இந்தக் கதையைப் பேத்தி எனக்குச் சொன்னபோது, பக்கத்தில் வெங்காயம் உரித்துக் கொண்டிருந்த என் மனைவி ஒரு வார்த்தை சொன்னாள்: "வேண்டாம்னு போட்டவனுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா, பாவம்?"

நான் அந்த வார்த்தையைக் காதில் போட்டுக் கொள்ளாதவன் போல இருந்துவிட்டேன். காரணம் இருந்தது.

*

எங்களிடம் எட்டுத் தறி ஓடிக் கொண்டிருந்தது. கூலிக்கு நெசவு. பாவும் ஊடை நூலும் கொடுப்பார்கள். நெய்து துணியாகத் திருப்பித் தர வேண்டும். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. நூல் விலை, உதிரிச் சாமான் விலை, ஆள் கூலி எல்லாம் ஏறின. எங்கள் கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. 2022-ஆம் வருஷம் தை பிறக்கும் முன்னே கோவை, திருப்பூர் ஜில்லாக்களில் விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரில் சத்தமே இல்லை. தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் தூங்கியவர்களுக்கு அந்த நிசப்தத்தில் தூக்கம் வராது. எனக்கு வரவில்லை.

மறுபடி ஊரில் தறி ஓடத் தொடங்கியது. என் தறிகள் ஓடவில்லை. கடன் கழுத்துக்கு வந்துவிட்டது. மனைவியை, "பொண்ணைப் பார்த்து நாளாச்சு, ஒரு எட்டுப் போய்விட்டு வா" என்று ஈரோட்டுக்கு ரயிலேற்றினேன். மறுநாள் பழைய இரும்புக்காரன் வந்தான். எட்டுத் தறியையும் உடைத்து, எடை போட்டு, லாரியில் ஏற்றினான். இரும்பு இரும்பு விலைக்கு. மரம் அடுப்பு விலைக்கு.

அவள் திரும்பி வந்தாள். தறிக்குடோனுக்குள் போனாள். எண்ணெய்க் கறை படிந்த தரையில் எட்டு இடம் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. ஐந்து நிமிஷம் நின்றாள். வெளியே வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தார் சுற்றிக் கொடுத்த கை அது. அந்தக் கைக்குத் தெரியாமல் விற்றேன் என்ற முள் என் நெஞ்சில் குத்திக் கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் 'தறி' என்ற சொல்லே அதன் பிறகு பேச்சில் வராமல் போயிற்று.

*

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த மேஜைக்குப் பின்னால், அலமாரியில் என்ன இருந்தது?

ஒரு நாடா இருந்தது!

பாவாடை நாடா என்று நினைத்துவிடாதீர்கள். தறி நாடா. ஒரு முழத்துக்குள் அடங்குகிற நீளம். படகு போல நடுவில் குடைந்த மரக்கட்டை. இரண்டு நுனியிலும் இரும்புக் கூர். குடைந்த வயிற்றில் ஊடை நூல் சுற்றிய தார் படுத்திருக்கும். பக்கவாட்டில் சின்னக் கண். அதன் வழியாக நூல் வெளியே வரும். பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரியும்போது நடுவே உண்டாகும் சந்தில் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கும். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல்! ஒவ்வொரு தடவையும் ஒரு இழை விழும். 1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் நாடாவைப் பறக்க விட வழி கண்டு உரிமை பெற்றார். அதற்கு முன் கையால்தான் எறிந்து பிடிக்க வேண்டும். இப்போது நாடாவே இல்லாத தறி வந்துவிட்டது. ஆகவே நாடா அலமாரிக்குப் போய்விட்டது.

தொடரில் அதன் குடைந்த வயிற்றில் மூன்று சின்ன மெழுகுவத்திகளை நட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் பூ. மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் போனான். டெலிவிஷனில் சிரிப்பொலி கேட்டது. பேத்தியும் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவியும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, அது நாடாதானுங்க?" என்றாள்.

"அப்பிச்சி, எது? எங்கே?" என்று பேத்தி நோட்டை எடுத்தாள். படத்தை நிறுத்தினாள். பெரிதாக்கினாள். அன்று தேன்மிட்டாய் என் மனைவிக்குத்தான்!

அவள் எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டிக் கொண்டு டெலிவிஷனுக்கு அருகே நின்றாள். "கண்ணு இருக்கிற பக்கத்தச் செவுத்தப் பாத்து வெச்சிருக்காங்க. தெரியாதவங்க வெச்சது. ஆனா அலங்காரத்துக்குன்னு செஞ்ச சாமானில்லீங்க இது. நுனி இரும்பு எப்படித் தேஞ்சு பளபளன்னு இருக்குது பாருங்க. நல்லா ஓடின நாடா."

எனக்குத் திக்கென்றது. ஒருவேளை... நம்முடையதாக இருக்குமோ? எங்கள் வீட்டில் அப்பா காலத்து வழக்கம் ஒன்று. ஒரு தறி நாடா மற்றொன்றோடு கலந்துவிடாமல் இருக்க, பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் தறி நம்பர் எழுதி வைப்போம். திரையில் தேடினேன். சிவப்பு இல்லை, பச்சைப் பெயின்ட் கொஞ்சம் உரிந்து தெரிந்தது. வேறு யாருடையதோ. எந்த ஊரிலோ, யாரோ ஒருவர், எங்களைப் போலவே பச்சைப் பெயின்டால் அடையாளம் வைத்து ஓட்டிய நாடா.

"நம்முதில்ல" என்றேன். அப்போதுதான் நினைவு வந்தது, அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதே இல்லை என்று. நாக்கைக் கடித்துக் கொண்டேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தாள். உள்ளே நாடா! பக்கத்தில் சிவப்பு எழுத்தில் '3'.

மூன்றாம் நம்பர் தறி. அவள் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் அப்பா வாங்கிப் போட்ட தறி.

"இது உன்னிடம் எப்படி..." என்று தடுமாறினேன்.

"ஈரோட்டுக்குப் போறதுக்கு முந்தின நாள் எடுத்து வெச்சனுங்க."

"அப்படியென்றால் உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"ஒரு மாசமா தறிப் பக்கமே போகாத மனுசன், தானா டிக்கெட் எடுத்துக் கையில குடுத்துப் பொண்ணப் பாத்துட்டு வான்னா, எதுக்குன்னு தெரியாதுங்களா?"

"தெரிந்தும் ஏன் ஒன்றும் கேட்கவில்லை?"

"கேட்டா நீங்க வித்திருக்க மாட்டீங்க. கடன் அப்படியே நின்னிருக்கும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வந்தப்புறம் நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க சொல்லவே இல்லீங்க" என்றாள்.

நேயர்களே, அவளுக்கு மறைத்துவிட்டதாக நான் வருஷக் கணக்கில் நெஞ்சு புழுங்கிக் கொண்டிருந்தேன். அவளோ, நான் மறைக்கட்டும் என்று எனக்கு இடம் விட்டு ரயிலேறியிருக்கிறாள்! கதாநாயகனையே பார்க்காமல் பின்னால் இருப்பதைப் பார்ப்பவன் என்று பெருமை அடித்தேனே, என் வீட்டில் எனக்குப் பின்னால் நின்றவளை மட்டும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி வெகு நேரம் பேசினோம். தறியைப் பற்றித்தான். எந்தத் தறி முரண்டு பிடிக்கும், எது சமர்த்து, எது மழைக்காலத்தில் நூலை அறுக்கும் என்றெல்லாம். பேத்தி தொடரை மறந்துவிட்டு வாயைத் திறந்தபடி கேட்டுக் கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள், "அம்முச்சி, இதையும் அலமாரியில் வைக்கலாம். மூணு மெழுகுவத்தி வாங்கிட்டு வரட்டுமா?" என்றாள்.

"வெக்கலாம் அம்மிணி. மெழுகுவத்தியெல்லாம் வேண்டாம். நாடா வயித்துல நூல்தான் இருக்கோணும்" என்றாள் என் மனைவி. பக்கத்துத் தறிக்குடோனிலிருந்து ஒரு தார் வாங்கி வந்து அதில் பொருத்தினாள். கண்ணில் நூலைக் கோத்து ஒரு சாண் வெளியே விட்டாள். கண் இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கும்படி வைத்தாள்.

இப்போது டெலிவிஷனுக்குப் பக்கத்து அலமாரியில் அது இருக்கிறது. வருகிற பிள்ளைகள், "இது என்ன பாட்டி, படகா?" என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான்! அவள் தொடங்கிவிடுகிறாள். மாமியார் வருவதும் மாப்பிள்ளை ஒளிவதும் அப்புறம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

ஆகையால் உங்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்று ராத்திரி தொடர் பார்க்கும்போது, எல்லாரும் சிரிக்கும் சமயத்தில் ஒரு தடவை பின்னால் பாருங்கள். உரல், ஏர், மரக்கால், தையல் மெஷின், லாந்தர் விளக்கு, எதுவாவது இருக்கும். அது ஒரு வீட்டில் சோறு போட்ட சாமான். அது என்னவென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அவர்கள் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் திறப்பார்கள்!